கரண்ட் போனால் எல்லாம் சேர்ந்தே போகும்

செஞ்சியிலிருந்து வடக்கே சீயமங்கலத்துக்கு வான்வழியில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கும் அந்த ஊருக்குச் சாதாரண வைஃபை கருவியைக் கொண்டே இணையத் தொடர்பு கொடுக்க முடியுமா? உயரமான கோபுரமும் குன்றுகள் மறைக்காத நேர்ப்பாதையும் இருந்தால் முடியும். ஆனால் கடையில் வாங்கிய கருவியை அப்படியே மாட்டினால் போதாது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் போய், 'வந்து சேர்ந்தது' என்ற பதில் திரும்ப 130 மைக்ரோ வினாடிக்கு மேல் ஆகும். வீட்டுக்காக வடிவமைத்த வைஃபை அவ்வளவு நேரம் பொறுக்காது. அனுப்பிய தகவல் துண்டு, அதாவது பாக்கெட், தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும்.

இந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்கக் கோபுரம் கட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நெட்வொர்க்கைப் பாவனையாக ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான நெட்வொர்க் சிமுலேட்டரே மேசைக் கணினியில் சொல்லிவிடும். அதற்குள் ஓடும் கடிகாரம் நம் கடிகாரம் மாதிரி ஓடாது. ஒரு பாக்கெட் கிளம்பும் கணத்திலிருந்து அது போய்ச்சேரும் கணத்துக்குத் தாவும். இடையில் எதுவும் நடக்காத நேரத்தைக் கணக்கிலேயே எடுக்காது. ஆயிரம் கணினிகளின் ஒரு நாள் நடமாட்டத்தை ஒரே கணினியில் பார்த்துவிட முடிவது இதனால்தான். இன்னொரு வசதி, தற்செயலாக நடப்பவைகூட அங்கே ஒரு தொடக்க எண்ணிலிருந்து பிறப்பவை. அதே எண்ணைக் கொடுத்தால் அதே பிழை, அதே இடத்தில், எத்தனை முறை வேண்டுமானாலும் வரும். நிஜ நெட்வொர்க்கில் நள்ளிரவில் ஒருமுறை வந்து மறையும் பிழையைத் துரத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தத் துறையின் வேர்களில் ஓர் இந்தியரின் கை இருக்கிறது. டெல்லி ஐஐடியில் படித்த ஸ்ரீநிவாசன் கேசவ், 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'ரியல்' என்ற சிமுலேட்டரை எழுதினார். அடுத்த ஆண்டே அதிலிருந்து 'என்எஸ்' கிளைத்தது. அந்த வரிசையில் 2008இல் வெளிவந்த என்எஸ்-3 இன்று எந்தப் பொறியியல் மாணவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. நடுவில் ஒரு சர்வர் இல்லாமல் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும் அமைப்புகளுக்கு, இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் உருவான பியர்சிம் இருக்கிறது. பத்து லட்சம் கணினிகளைக்கூட அதில் நிறுத்தலாம். அதற்குக் கொடுக்கும் விலை, ஒவ்வொரு பாக்கெட்டின் பயண விவரத்தையும் விட்டுவிடுவது. எதை விடுகிறோம் என்பதில்தான் இந்த வித்தையின் நேர்மை இருக்கிறது.

அப்படி விட்டுப்போவது எது என்பதைத் தேனி மாவட்டம் காட்டிக்கொடுத்தது. பெர்க்லியின் எரிக் புரூவர் குழுவினர், அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையை, சுற்றியுள்ள கிராமப் பார்வை மையங்களோடு நெடுந்தூர வைஃபையால் இணைத்தார்கள். நோயாளி கிராமத்திலேயே உட்கார்ந்திருப்பார். தேனியிலிருந்து மருத்துவர் வீடியோவில் பேசுவார். இணைப்பில் பாக்கெட்டுகள் ஏன் தொலைகின்றன என்று கண்டறிய ஆய்வகத்தில் 'சேனல் எமுலேட்டர்' என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். நிஜமான இரண்டு ரேடியோக்களை அதன் வழியாகப் பேச வைத்தால், மேசை மேலேயே நெடுந்தூரத் தாமதத்தை உண்டாக்கலாம். தூரத்தால் வரும் கோளாறு எது, பக்கத்து வைஃபைகளின் குறுக்கீட்டால் வருவது எது என்று அப்படித்தான் பிரித்தார்கள். குறுக்கீடே பெரிய குற்றவாளி என்று தெரிந்தது. பிறகு, ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல், இரு முனைகளும் முறை வைத்துப் பேசும் 'வைல்ட்நெட்' நெறியை எழுதி 2007இல் வெளியிட்டார்கள். வழக்கமான வைஃபையைவிட அது இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகம் தந்தது.

ஆனால் களத்தில் கருவிகளைச் சாய்த்தது அலை அல்ல, மின்சாரம். 500 வோல்ட்டைத் தாண்டி, சில நேரம் ஆயிரம் வோல்ட்டைத் தொட்ட பாய்ச்சல்களை அவர்கள் பதிவு செய்தார்கள். அதைவிடத் தொல்லை, குறைந்த மின்னழுத்தம். ரூட்டர் முழுதாக அணையவும் அணையாது, ஓடவும் ஓடாது. மையத்தில் இருப்பவருக்கு விளக்கு எரிவது மட்டும் தெரியும். அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் மின் இணைப்பைத் தானே துண்டித்துவிடும் சின்னச் சுற்று ஒன்றைப் பொருத்தினார்கள். எந்த அலைவரிசை ஆராய்ச்சிக்கும் குறையாத கண்டுபிடிப்பு அது என்பேன்.

வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. நெட்ஃபிளிக்ஸின் 'கேயாஸ் மங்கி' ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைத் திடீரென அணைக்கும். கைல் கிங்ஸ்பரி 2013இல் தொடங்கிய 'ஜெப்சன்', கணினிகளுக்கு இடையிலான தொடர்பை அறுத்துவிட்டு, டேட்டாபேஸ் தன் வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்கும். நல்ல கருவிகள். ஆனால் பல சோதனைகளில் ஒரு கணினி சாய்வதற்கும் அடுத்தது சாய்வதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அப்படி நடப்பதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டியபோது ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்து இருண்டன. ஒரு கோப்பின் மூன்று பிரதிகளை மூன்று கணினிகளில் வைத்தால் பத்திரம் என்று சிமுலேட்டர் சொல்லும்; அந்த மூன்றும் ஒரே ஃபீடரில், அதாவது ஒரே மின்வழியில், இருந்தால் ஒரு நொடியில் மூன்றும் போகும்.

ஒவ்வொரு ஃபீடரிலும் மின்சாரம் எப்போது போனது, எப்போது வந்தது என்ற பதிவை நாள், நேரத்தோடு மின்வாரியம் பொதுவில் வைக்க வேண்டும். செஞ்சிப் பக்கத்து மாணவர் ஒருவர் அதை என்எஸ்-3இல் ஏற்றி, இருபது கிராமங்களின் இணைப்பைப் புயல் நாளில் ஓட்டிப் பார்க்கலாம். எந்த ஊரில் பேட்டரி வைப்பது, எந்த ஊருக்கு இரண்டாவது வழி போடுவது என்ற கேள்விகளுக்கு, கோபுரத்துக்குக் குழி தோண்டும் முன்பே விடை கையில் இருக்கும்.