‘ஓரியன்ட்’ – ‘கிழக்கு’: கொங்கு நிலச்சாய்வை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

ஆங்கிலத்தில் கீழைநாடுகளைச் சுட்டும் ‘ஓரியன்ட்’ என்னும் சொல், எழுதல், தோன்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. கதிரவன் எழும் திசை என்பதே அதன் முதற்பொருள். ‘ஈஸ்ட்’ என்பதும் விடியலைக் குறித்த வேரினின்று வந்ததே. வடமொழி ‘உஷஸ்’ அதன் இனச்சொல். கல்லூரி ஆசிரியர் நன்கறிந்த ‘ஓரியன்டேஷன்’ பயிற்சியின் பெயரிலும் கிழக்கை நோக்குதல் என்னும் பழம்பொருள் மறைந்து கிடக்கிறது.

தமிழ்க் ‘கிழக்கு’ இவ்வாறு வானத்தினின்று வந்ததன்று. அது ‘கீழ்’ என்பதன் அடியாகவும், ‘மேற்கு’ என்பது ‘மேல்’ என்பதன் அடியாகவும் பிறந்தவை. இப்பெயர்கள் மேற்கில் உயர்ந்து கிழக்கில் தாழும் தமிழ்நிலத்தோடு பொருந்துவதைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (முதற்பதிப்பு 1856) எடுத்துக்காட்டினார்.

இச்சாய்வை வெள்ளகோவில் வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். மேற்கே கோயம்புத்தூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலும், கிழக்கே கரூர் ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்திலும் உள்ளன. வெள்ளகோவில் இரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் வடக்கே ஓடும் நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கிழக்கு நோக்கி இறங்கிக் காவிரியில் கலக்கிறது. காட்டின் எல்லையைக் கூறுமிடத்து ‘மேக்கால’, ‘கெழக்கால’ எனத் திசையால் சுட்டுவது இவ்வட்டாரத்தில் இன்றும் இயல்பான வழக்கு.

கணவாயைக் கடந்தால் நிலைமை மாறுகிறது. கேரளத்தில் மலை கிழக்கிலும் கடல் மேற்கிலும் உள்ளன. அங்கும் உயர்ந்த திசையின் பெயர் ‘கிழக்கு’ என்றே நிற்கிறது! மலையாளம் மலைக்குக் கிழக்கேயிருந்து சென்றது என்பதற்குக் கால்டுவெல் இதனைச் சான்றாகக் கொண்டார். மேற்கின் பெயரோ ஞாயிறு மறைதலைக் குறிக்கும் ‘படிஞ்ஞாறு’ என வழங்குகிறது. ஒரே மொழியில் ஒரு திசை நிலத்தாலும் மற்றொன்று கதிரவனாலும் பெயர்பெற்றிருப்பது கருதத்தக்க செய்தி எனலாம்.

எனினும் நிலச்சாய்வு இப்பெயரீட்டிற்கு இடந்தந்தது என்பதற்கு மேல் துணிந்து கூறல் பொருந்தாது. தமிழிலேயே ‘குணக்கு’, ‘குடக்கு’ என வேறு பெயர்களும் பண்டு வழங்கின. காவிரி கிழக்கு நோக்கி இறங்கும் மைசூர் வட்டாரத்துக் கன்னடத்திலோ, கிழக்கு கதிர் தோன்றும் ‘மூடண’. மேற்கு கதிர் படும் ‘படுவண’. ‘கீழ்’ என்பதன் இனச்சொல்லாகிய ‘கெளகு’ அங்குத் தாழ்விடத்தையே குறிக்கிறது.