சரஸ்வதி பூஜைக்கு கிட்டாரைத் துடைக்கப் போறீங்களா? இந்த பாட்டில்களைத் தொடாதீங்க!

சரஸ்வதி பூஜை வந்தால் புத்தகம், வீணை, ஹார்மோனியத்தோடு கிட்டாரும் சாமி முன்னாடி வந்துவிடும். அதற்கு முன் ஒரு சுத்தம் செய்யும் படலம் நடக்கும். சானிடைசர், கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே, பைக் பாலிஷ் என கையில் கிடைத்ததை அடித்துத் தேய்ப்போம். சில கிட்டார்களுக்கு ஒன்றுமே ஆகாது. சிலவற்றில் பளபளப்பு கரைந்து துணியோடு வந்துவிடும். ஏன் இந்த வித்தியாசம்?

எல்லா பளபளப்பும் ஒன்றல்ல

மரத்தின் மேல் அடித்திருக்கும் பூச்சுதான் காரணம். இப்போது கடைகளில் விற்கும் பெரும்பாலான கிட்டார்களில் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு இருக்கும். இது வேதிவினையால் வலை போல் பின்னி இறுகுவதால் லேசில் கரையாது.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் கதையே வேறு. பழைய அமெரிக்க கிட்டார்களிலும், இன்றைய பல கிப்சன் மாடல்களிலும் இதுதான். நெயில் பாலிஷிலும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான் இருக்கிறது. அப்போ ரிமூவர் பட்டால் என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். எத்தனை வருஷம் ஆன கிட்டாராக இருந்தாலும் அசிட்டோனோ திண்ணரோ பட்ட இடத்தில் லாக்கர் இளகிவிடும்.

கையால் செய்யும் சில கிளாசிக்கல் கிட்டார்களில் ஷெல்லாக், அதாவது நம்ம அரக்கு. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து பீரோவுக்கு பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீங்க. ஸ்பிரிட்டில் கரைந்தது மறுபடியும் ஸ்பிரிட்டில் கரையும். சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான்.

உங்கள் கிட்டாரில் எந்தப் பூச்சு என்று தெரிய, மாடல் பெயரைத் தயாரிப்பாளர் இணையதளத்தில் தேடுங்க. அசிட்டோன் ஒரு சொட்டு விட்டு 'டெஸ்ட்' பண்ணும் வேலை வீட்டில் வேண்டாம். ரிப்பேர் செய்பவரிடம் விட்டுவிடுங்க.

லேபிளில் என்ன பார்க்கணும்?

முதலில் சிலிகான். கார் டேஷ்போர்டு பாலிஷ், சில ஃபர்னிச்சர் ஸ்பிரேக்களில் இருக்கும். போட்டதும் மின்னும், அதனால ஏமாந்துடுவோம். பிறகு எங்காவது பூச்சு பெயர்ந்து டச்-அப் செய்யப் போனால், புதுப் பூச்சு ஒட்டாமல் குழி குழியாக விலகும். அடுத்தது, கீறல் நீக்கும் பாலிஷ்கள். இவற்றில் உள்ள நுண்துகள்கள் பூச்சைத் தேய்த்துத்தான் கீறலை மறைக்கின்றன. மேட் ஃபினிஷ் கிட்டாருக்கு கிட்டார் பாலிஷே ஆனாலும் வேண்டாம், தேய்த்த இடம் மட்டும் திட்டுத் திட்டாக மின்ன ஆரம்பிக்கும்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. கையில் கொசு விரட்டி கிரீம் தடவிக்கொண்டு மொட்டை மாடியில் வாசிப்பவர்கள் கவனம்! அதில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் அது பிளாஸ்டிக்கையும் லாக்கரையும் இளக்கும். கையைக் கழுவிட்டு வாசிங்க.

அப்போ எதில்தான் துடைப்பது?

சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணி போதும். கை ரேகை, வியர்வைக் கறை போகலைன்னா வாயால் ஊதி, அந்த ஈரத்தோடு துடைக்கலாம். அதற்கும் போகலைன்னா துணியை லேசாக நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒத்துங்க. பாலிஷ் வாங்கியே ஆகணும் என்றால், உங்கள் பூச்சுக்குப் பாதுகாப்பானது என்று லேபிளிலேயே எழுதியிருக்கும் கிட்டார் பாலிஷாகப் பாருங்க. ஸ்பிரேயைத் துணியில் அடிக்கணும், கிட்டார் மேல் அல்ல.

ஸ்டிக்கர் பசை இருந்தால்? பாலி, லாக்கர் பூச்சுகளில் நாப்தா, அதாவது லைட்டருக்கு ஊற்றும் திரவம், துணியில் சில சொட்டு விட்டு எடுக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்க. சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், விளக்கு ஏற்றிய அறையில் மட்டும் கூடவே கூடாது.

பூச்சில்லாத ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு வறண்டிருந்தால், அதற்கென விற்கும் எண்ணெய் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, சில சொட்டு போதும். நல்லெண்ணெய் மாதிரி சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். லாக்கர் அடித்த மேப்பிள் ஃபிரெட்போர்டுக்கு எண்ணெயே தேவையில்லை.

சரி, பூஜையில் சந்தனம், குங்குமம்? மேட் பரப்பிலும் பூச்சில்லாத மரத்திலும் குங்குமச் சாயம் இறங்கிவிடலாம். பொட்டை கிட்டார் பெட்டியின் மேல் வையுங்க. ஏற்கனவே கிட்டாரில் வெச்சாச்சா? தேய்க்காதீங்க. தூளை ஊதிவிட்டு, பிழிந்த துணியால் ஒத்தி எடுங்க.