கண்ணாடித் தொட்டியில் ஒரு குளம்

லண்டன் மாநகரில் வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் 1850-ஆம் ஆண்டளவில் ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலும் கற்களும் இட்டு, நீர் ஊற்றி, வாலிஸ்நீரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். நாளடைவில் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மீன் விடும் கரியமில வாயுவைச் செடியும், செடி விடும் பிராணவாயுவை மீனும் கொள்வதால் இரண்டும் ஒன்றையொன்று காக்கின்றன என்று அவர் விளக்கினார்.

இவ்விளக்கம் உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. இதனை மட்டும் நம்பித் தொட்டி அமைப்போர் பலர் முதல் சில வாரங்களிலேயே மீன்களை இழக்கின்றனர். நீர் தெளிவாக இருக்கும்; செடியும் பசுமையாக இருக்கும்; மீன்கள் மட்டும் நீர்ப்பரப்பில் வாய் திறந்து தத்தளித்து மடியும். காரணம் அம்மோனியா. அது மீனின் செவுள்கள் வழியே வெளிப்படுகிறது. மிஞ்சிய இரை அழுகுவதாலும் உண்டாகிறது. இதில் ஒரு பகுதியைச் செடிகளே உறிஞ்சிக் கொள்ளும். மிகுந்ததை, மணலிலும் இலைகளிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதனை அத்துணைத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்ற, அது செடிக்கு உரமாகிறது. வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிர் அறிஞர் 1890-களின் தொடக்கத்தில் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இவ்விரு வேலைகளையும் தனியே செய்து முடிக்கும் பாக்டீரியாவும் உண்டென்பது 2015-ஆம் ஆண்டில் தெரியவந்தது.

புதுத் தொட்டியில் இவ்வுயிர்கள் போதிய அளவு பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே செடி முதலில், மீன் பிறகு.

60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி வீட்டுக்கும் வகுப்பறைக்கும் ஏற்றது. விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். நீரின் எடை மட்டுமே 54 கிலோ. எனவே மேசை உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும். ஆற்று மணலைக் கழுவிய நீர் தெளியும்வரை அலசி, 5 முதல் 7 செ.மீ. கனத்திற்குப் பரப்புக. மணலின்மேல் சில துளி வினிகர் விட்டால் நுரைக்குமாயின் அதில் சுண்ணாம்பு உண்டு, அம்மணல் வேண்டாம். வாலிஸ்நீரியாவின் வேர் மட்டும் மணலுள் புதைய வேண்டும். இலைகள் கிளைக்கும் அடிப்பகுதி புதைந்தால் அழுகிவிடும். ஹைட்ரில்லாவைச் சிறு கட்டுகளாகச் செருகினாலே போதும். நேர் வெயில் படும் சன்னல் ஓரம் கூடாது, பாசி மண்டும். இருளில் செடியும் பிராணவாயுவையே கொள்ளும்; எனவே மீன் மிகுந்த தொட்டியில் விடியற்காலமே ஆபத்தான வேளை.

உரிய வாரங்கள் கழிந்தபின் கப்பி போன்ற சிறு மீன்கள் இரண்டு மூன்றை மட்டும் விடுக. மற்றவை இரு வாரம் கழித்து வரலாம். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இரை.

ஞாயிறுதோறும் தொட்டியைக் கவிழ்த்துச் சோப்பிட்டுத் தேய்க்கும் சுத்தக்காரர்களே மீன்களின் முதற் பகைவர் எனலாம். அழுக்கோடு பாக்டீரியாக்களும் ஒழிய, தொட்டி மறுபடியும் முதல் நாள் நிலைக்குத் திரும்புகிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே வெப்பமுள்ள நீரை ஊற்றுவதே போதும். குளோரின் கலந்த குழாய்நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துக. குளோரமின் கலந்த நீராயின் இம்முறை பயன்படாது. அதற்குரிய மருந்து தேவை.

மிகுதியான செடியையும் மீனையும் குளத்திலோ கால்வாயிலோ விடலாகாது. தொட்டிச் செடியாகப் பழகிய, அமெரிக்கக் கண்டத்துக் கபோம்பா இன்று கேரளத்து நீர்நிலைகளில் படர்ந்து அடைக்கிறது. தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிறு கல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களில் பெருகியுள்ளது. வெட்டிய செடியை வெயிலில் நன்கு உலர்த்தி எருக்குழியில் இடுக. மீனை மற்றொரு தொட்டிக்காரரிடம் சேர்ப்பிக்க.