செல்லோ சொனாட்டா: தனிக் குரலும் துணைக் குரலும்

அந்தோனியோ விவால்டி (1678–1741), வெனிஸ்
ஆறு சொனாட்டாக்கள், பாரிசில் அச்சானது சுமார் 1740

17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செல்லோ பிறருக்குத் துணை வாசித்த கருவி. 1680களில் போலோனியா நகரின் டொமெனிகோ கேப்ரியெல்லி போன்றோர் அதற்குத் தனி இசை எழுதினார்கள். அந்த வழியில் வந்த மிக அழகிய படைப்புகளுள் விவால்டியின் இந்த ஆறு சொனாட்டாக்களும் அடங்கும். ஒவ்வொரு சொனாட்டாவிலும் நான்கு பகுதிகள். மெதுநடையும் விரைவுநடையும் மாறி மாறி வரும்.

அக்காலச் செல்லோவில் குடல் நரம்புகளே தந்திகள். தரையில் ஊன்றும் கம்பி பெரும்பாலும் கிடையாது. கெண்டைக்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு வாசித்தார்கள்.

துணைக் குரலுக்கு 'பாஸோ கன்டினுவோ' என்று பெயர். விவால்டி எழுதியது கீழ்ச்சுரங்களை மட்டுமே. அவ்வகை இசைத்தாள்களில் சுரத்தின் அருகே சிறு எண்கள் இருக்கும். 6 என்றிருந்தால், அச்சுரத்தோடு அதிலிருந்து மூன்றாவதும் ஆறாவதும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். எப்படி அழகுபடுத்துவது என்பது, இத்துணையை ஹார்ப்சிகார்டு என்னும் விசைக் கருவியில் வாசிக்கும் கலைஞரின் கற்பனை. இன்னொரு செல்லோவும் கீழ்ச்சுரங்களைத் தாங்கி வாசிக்கலாம்.

நம் நாகசுவரத்துக்குத் துணையான ஒத்து என்னும் கருவி ஒரே சுரத்தில் நிற்கும். கன்டினுவோ நில்லாமல் நடக்கும். அது அடியெடுத்து வைக்கும் இடத்தைப் பொறுத்து மேலே ஒலிக்கும் ஒரே சுரத்தின் உணர்ச்சியும் மாறும்.

ஐந்தாவதான ஈ மைனர் சொனாட்டாவே அதிகம் வாசிக்கப்படுவது. கேட்கும்போது முதலில் கீழ்க்குரலைப் பின்தொடருங்கள்.