உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு சீட்டு!
கடல் கடந்து மகன் வீட்டுக்குப் போன பெரியவர்களின் பென்ஷன் என்ன ஆகிறது?

செத்துப் போனவருக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவரும் ஆண்டுக்கு ஒரு முறை சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது பென்ஷன்காரர் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சீட்டு வராவிட்டால் பணம் நின்றுவிடும். மனிதர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, பேரனோடு விளையாடிக்கொண்டு இருப்பார். ஆனால் பாங்கிக் கணக்கில் அவர் இல்லாதவர்!

கோவில்பட்டியில் இருப்பவருக்கே இது ஒரு தொல்லைதான். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் மகன் வீட்டில் போய்த் தங்கிவிட்ட பெரியவருக்கு?

அன்று போன பணம், இன்று வரும் பணம்

கோவில்பட்டி கரிசல் சீமை. வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் மழை இறங்கினால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. இறங்காவிட்டால் ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். சிலர் இலங்கைக்கு, சிலர் பர்மாவுக்கு, சிலர் மலேயாவுக்கு.

அவர்கள் திரும்பியபோது என்ன கொண்டு வந்தார்கள்?

1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அப்படித் திரும்புகிறவர்கள் தங்கள் சேமநல நிதியையும் பணிக்கொடையையும் எடுத்து வரலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். ஒரு குடும்பம் கொண்டு போகும் பணத்துக்கு வைக்கும் வரம்பு 4 ஆயிரம் ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்றும் எழுதினார்கள்.

பர்மாவில் இருந்தவர்கள் பாடு இதைவிட மோசம். அதே 1964-ம் ஆண்டு மே மாதத்தில் அந்த நாட்டு சர்க்கார் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. பெட்டியில் இருந்த பணம் ஒரே நாளில் காகிதமாயிற்று.

அன்று வெளிநாட்டில் உழைத்தவன் தன் பணத்தை இங்கே கொண்டு வரப் பாடுபட்டான். இன்று காலம் திரும்பிவிட்டது. இங்கே ரெயில்வேயிலும் தபால் இலாகாவிலும் பள்ளிக்கூடத்திலும் பஞ்சாலையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர், மகன் அழைத்தான் என்று விமானம் ஏறுகிறார். பணம் கோவில்பட்டியில் இருக்கிறது. ஆள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்.

யாருக்குப் பென்ஷன்?

கரிசல் காட்டில் பாடுபடும் சம்சாரிக்குச் சம்பளப் பென்ஷன் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பெண்களில் எத்தனையோ பேருக்கும் அது இல்லை. சங்கதி அப்படி.

மில் தொழிலாளிக்கு உண்டு. 1995-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி முதல் தொழிலாளர் பென்ஷன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 10 ஆண்டு சேவை இருந்தால், 58 வயதில் மாதப் பென்ஷன். 2014-ம் ஆண்டு செப்டம்பரில் இதற்குக் குறைந்த அளவு 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். மகன் வெளிநாட்டில் ஒரு நாள் சாப்பாட்டுக்குச் செலவு செய்யும் பணம் அது என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். வாங்குகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு இதைவிட அதிகம். அதுவும் இனாம் அல்ல. 1982-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி நகாரா என்பவர் தொடர்ந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. பென்ஷன் என்பது எஜமானர் மனம் இரங்கிக் கொடுக்கும் தர்மம் அல்ல. செய்த வேலைக்குச் சேர வேண்டிய உரிமை என்பதே அந்தத் தீர்ப்பு. டிசம்பர் 17-ந் தேதியைப் பென்ஷன்காரர் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம்

ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வீடு கோவில்பட்டியில். மகன் சிங்கப்பூரில். டெலிபோனில் மகன் கூப்பிடுகிறான்.

“அப்பா, நீங்களும் அம்மாவும் இங்கேயே வந்துவிடுங்கள். பென்ஷன் பணம் எதற்கு? நான் தரமாட்டேனா?”

“தருவாய். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் அம்மாவுக்கு ஒரு சேலை எடுக்க உன்னிடம் கை நீட்ட வேண்டாம் பார். என் பணம் என் பெயரில் இருக்கட்டும்.”

இப்படிப் பேசுகிற தகப்பனார்கள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. நியாயமான பேச்சு. ஆனால் அந்தப் பணம் தங்கு தடை இல்லாமல் வர வேண்டுமானால், விமானம் ஏறும் முன் அவர் சில காரியங்களைச் செய்ய வேண்டும்.

முதல் காரியம், பாங்கிக் கணக்கு. மூன்று மாதம் இருந்து பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குக் கவலை இல்லை. அங்கேயே தங்கிவிடுவது என்று போகிறவர் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை ‘என்.ஆர்.ஓ.’ கணக்கு என்று மாற்ற வேண்டும். பென்ஷன் அந்தக் கணக்கில் ரூபாயாகவே வரும். வேண்டும்போது, வரி விவரம் காட்டி, மகன் இருக்கும் நாட்டுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

இதில் ஒரு சூட்சுமம். என்.ஆர்.ஓ. கணக்கில் வரும் வட்டிக்கு பாங்கியே சாதாரணமாக 30 சதவீதத்துக்குக் குறையாமல் வரி பிடித்துவிடும். உள்ளூரில் இருக்கும்போது வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பாரம் வெளிநாட்டுவாசிக்குச் செல்லாது. பிடித்த வரி அதிகம் என்றால் வருமான வரிக் கணக்குக் காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும்.

இரண்டாவது, டெலிபோன் நம்பர். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பாங்கியும் ஆதாரும் ரகசிய எண்ணை அனுப்புவது ஊரில் வாங்கிய செல்போன் நம்பருக்குத்தான். வெளிநாடு போனதும் பணம் கட்டாமல் விட்டால் அந்த நம்பர் செத்துவிடும். பிறகு வேறொருவர் கைக்கும் போய்விடும்!

நவம்பர் மாதம்

இனி அந்தச் சீட்டின் கதைக்கு வருவோம். மத்திய சர்க்கார் பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். மில் தொழிலாளர் பென்ஷனுக்கு மாதக் கட்டாயம் இல்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓர் ஆண்டுக்குச் செல்லும். மாநில சர்க்காரில் ஓய்வு பெற்றவர்கள் கருவூலத்தில் கேட்டுத் தங்கள் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நவம்பர் என்றால் என்ன? ஐப்பசியும் கார்த்திகையும். கரிசலில் அடைமழைக் காலம். கிராமத்திலிருந்து பஸ்ஸுக்கு நடந்தால் மண் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு செருப்பு இரண்டு செருப்புக் கனம் ஆகும். அந்தச் சேற்றில் 75 வயதுக் கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு, “ஐயா, நான் உயிரோடுதான் இருக்கிறேன்” என்று சொல்ல டவுன் பாங்கிக்கு வர வேண்டியிருந்தது. டில்லியில் மாதத்தைக் குறித்தவருக்குக் கரிசல் மண்ணைத் தெரியாது போலும்!

2014-ம் ஆண்டு நவம்பரில் இந்தத் துன்பத்துக்கு ஒரு வழி பிறந்தது. ‘ஜீவன் பிரமாண்’ என்று பெயர். விரல் ரேகையை இயந்திரத்தில் வைத்தால் போதும். ஆதார் விவரம் ஒத்துப்போனால் சான்றிதழ் தானே போய்ச் சேர்ந்துவிடும்.

2020-ல் தபால்காரரே இயந்திரத்தோடு வீட்டுக்கு வரத் தொடங்கினார். தபால் பாங்கி இதற்கு 70 ரூபாய் கட்டணம் வைத்தது. ஒரு காலத்தில் மணியார்டர் பணம் கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்த அதே தபால்காரர்!

ஆனால் சேற்றிலும் மருந்திலும் தேய்ந்த விரலில் ரேகை ஏது? 2021-ம் ஆண்டு நவம்பரில் முகத்தைக் காட்டும் முறை வந்தது. செல்போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் போதும். வெளிநாட்டில் இருப்பவருக்குப் பெரிய உதவியாக இருப்பது இதுதான். ஆதார் நம்பர் பென்ஷன் கணக்கில் முன்பே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், அது முக்கியம்.

முகம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? பழைய வழி இருக்கிறது. மத்திய சர்க்கார் பென்ஷன்காரர், அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதர் ஆபீசிலோ, மாஜிஸ்திரேட்டிடமோ, நோட்டரியிடமோ, பாங்கி அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கி, அதை ஊரில் தாம் நியமித்த ஆள் மூலம் பாங்கியில் கொடுக்கலாம். நேரில் வர வேண்டியதில்லை.

சீட்டு தவறிவிட்டால் டிசம்பர் முதல் பென்ஷன் நிற்கும். பதற வேண்டாம். பிறகு கொடுத்தாலும் நின்ற மாதங்களுக்கும் சேர்த்துப் பாக்கி வந்துவிடும். தவறு பாங்கியுடையதாக இருந்து பணம் தாமதமானால், ரிசர்வ் பாங்கி உத்தரவுப்படி ஆண்டுக்கு 8 சதவீதம் ஈடு கொடுக்க வேண்டும். கேட்காமலே கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்பது நல்லது.

வேறு நாடுகளில் எப்படி?

நேபாளத்தில் நம் ராணுவத்துக் கூர்க்கா வீரர்கள் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுக்காகக் காத்மாண்டு, பொக்காரா, தரான் ஆகிய மூன்று ஊர்களில் இந்திய ராணுவமே பென்ஷன் ஆபீஸ் நடத்துகிறது.

பிரிட்டனில் உழைத்துவிட்டு இந்தியாவில் வந்து குடியிருப்பவருக்கு வேறு கதை. அந்த நாட்டு அரசாங்கப் பென்ஷன் அவருக்கு ஆண்டுதோறும் உயராது. முதலில் என்ன கிடைத்ததோ அதே தொகைதான் கடைசி வரை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்களுக்கும் அப்படியே. வயதானவர்கள் பல ஆண்டுகளாக இதற்காகப் போராடுகிறார்கள்.

அம்மாளின் பங்கு

பெரியவர் அங்கே காலமாகிவிட்டால் அந்த அம்மாளின் கதி என்ன? வீட்டில் யாரும் பேச விரும்பாத விஷயம். ஆனால் பேசித்தான் ஆக வேண்டும்.

மத்திய சர்க்கார் ஊழியரின் மனைவிக்குச் சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் குடும்பப் பென்ஷன். மில் தொழிலாளியின் மனைவிக்குக் கணவர் வாங்கியதில் பாதி. பென்ஷன் உத்தரவில் அம்மாளின் பெயர் இருந்து, பாங்கிக் கணக்கும் இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தால், மத்திய சர்க்கார் பென்ஷனுக்கு அதே கணக்கு போதும். புதுக் கணக்குத் திறக்க அலைய வேண்டாம்.

தூதர் ஆபீசில் பதிந்த மரணச் சான்றிதழைத் தாமதம் இல்லாமல் பாங்கிக்கு அனுப்ப வேண்டும். அதை மறைத்து அட்டையைப் போட்டு மாதாமாதம் பணம் எடுக்கும் பிள்ளைகளும் உண்டு. பாங்கி அதை ஒரு நாள் கண்டுபிடித்துவிடும். எடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும். அந்தக் கணக்குத் தீரும் வரை தாயாரின் குடும்பப் பென்ஷன் இழுபடும்.

இன்னொன்று, பெயர். பென்ஷன் உத்தரவில் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதுவே விரிந்து தகப்பனார் பெயர். ஆதாரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதல். மனிதர் ஒருவர்தான்; காகிதத்தில் மூன்று பேர். அம்மாளின் பெயரிலும் இப்படி இருந்தால், வேறு நாட்டில் இருந்துகொண்டு அதைத் திருத்துவது மாதக்கணக்கில் ஆகும். கோவில்பட்டியில் இருக்கும்போதே, விமான டிக்கெட் வாங்கும் முன், எல்லாக் காகிதங்களையும் ஒரு பாயில் பரப்பி வைத்துப் பேரப்பிள்ளை ஒருவனை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்ல வேண்டும்.