வளைவில் காரைப் பிடித்திருப்பது எது?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் கியா பார்ம் சந்தை ஓரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? தரையை உரசுவதுபோல் தாழ்த்திய கார்கள் பெரிய ரிம்மும் உறுமும் புகைக்குழாயுமாக மலையேறி வரும். அதே வளைவில் காய்கறி ஏற்றிய பழைய லேண்ட் ரோவரும் நிதானமாகத் திரும்பும்.

“டீச்சர், அண்ணன் காரோட ஸ்பிரிங்கை வெட்டப் போறாரு. வளைவுல நல்லா பிடிக்குமாம். உண்மையா?” என்று நான்காம் படிவ மாணவன் ஒருவன் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,000 கிலோ எடையுள்ள கார், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவு, மணிக்கு 36 கி.மீ. வேகம். அதாவது நொடிக்கு 10 மீட்டர். மையநோக்கு விசை mv²/r என்பதால் 4,000 நியூட்டன் தேவை. வேகம் 54 கி.மீ. ஆனால் 9,000 நியூட்டன்! வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, விசையோ இரண்டேகால் மடங்கு. இதைக் கொடுப்பது உள்ளங்கை அளவில் சாலையைத் தொடும் நான்கு ரப்பர் துண்டுகளே. காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்றால் அவற்றால் சுமார் 8,000 நியூட்டன் தர முடியும். மழையில் அது 0.5க்கு இறங்கினால் 5,000தான். கேமரன் மலையில் மழைக்கா பஞ்சம்?

இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? ஆனாலும் காரைத் தாழ்த்துவதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் சுமை வெளிப்பக்கம் மாறும். அதன் அளவு: விசை × புவியீர்ப்பு மையத்தின் உயரம் ÷ இடவலச் சக்கரங்களின் இடைவெளி. உயரம் 0.5 மீட்டர், இடைவெளி 1.5 மீட்டர் என்றால் 4,000 நியூட்டன் விசைக்குச் சுமார் 1,333 நியூட்டன் மாறும். 4 செ.மீ. தாழ்த்தினால் 1,227. குறைவது 8 விழுக்காடு. சுமை இரட்டித்தாலும் ரப்பரின் பிடிப்பு இரட்டிப்பதில்லை. ஆகவே சுமை சமமாக இருப்பது நல்லதுதான்.

வெட்டுவது வேறு கதை. பேனா ஸ்பிரிங்கில் பாதியை வெட்டி அழுத்திப் பாருங்கள், விறைப்பாக இருக்கும். 6 சுருளில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் மாறிலி 6/5 மடங்காகும். அப்சோபரோ பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. புதிய துள்ளலை அதனால் சரியாக அடக்க முடியாது. மேலும், சக்கரம் ஏறி இறங்க இடம் குறைவதால் மேடுபள்ளத்தில் கார் ரப்பர் தடுப்பில் மோதித் துள்ளும். டயர் சாலையை விட்டு எழும்பும் கணத்தில் செங்குத்து விசை சுழியம், உராய்வும் சுழியம். வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் கூடும்.

புரோட்டோன் 1996இல் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. சத்ரியா ஜிடிஐ காரின் சஸ்பென்ஷனைச் சீரமைத்தவர்கள் லோட்டஸ் பொறியாளர்களே. ஸ்பிரிங், அப்சோபர், டயர் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்ப்பதுதான் அந்த வேலை. ரம்பம் அதில் வராது.

பெரிய ரிம்? கனம் கூடினால் சக்கரம் சாலையின் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து ஒட்டிச் செல்லத் திணறும். புகைக்குழாய்? எஞ்சின் மூச்சுவிடச் சற்று உதவலாம். வளைவுக்குச் சத்தம் மட்டும்தான்.

மாணவனிடம் அண்ணன் காரின் டயர் வரிப்பள்ளத்தை அளந்து வரச் சொன்னேன். பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகளின் உயரம் 1.6 மி.மீ. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். தண்ணீர் வெளியேற வழி போதாது. அவன் ஒரு மில்லிமீட்டர் என்று எழுதி வந்தான். அண்ணன் ஸ்பிரிங்குக்கு வைத்திருந்த காசில் இப்போது நான்கு டயர் வாங்கியிருக்கிறார்.