திருப்பூருக்கு இயந்திரம் வந்த வழி

ஓட்டுக் கூரை. உள்ளே நீளமான ஒரு மேசை. மேசைக்கு அடியில் ஒரே ஒரு மோட்டார்; அது சுழற்றும் ஷாப்ட்டிலிருந்து பெல்ட்டுகள் பிரிந்துபோய் வரிசையாக வைத்த தையல் மெஷின்களை ஓட்டும். இதற்குத் திருப்பூரில் பவர் டேபிள் என்று பெயர். டெய்லர்கள் தைத்துக்கொண்டே போக, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கைமடி ஆட்கள், பெரும்பாலும் சிறு வயதினர், துணியின் ஓரத்தை மடித்து மடித்துக் கொடுப்பார்கள். எழுபதுகளின் பனியன் கம்பெனி அவ்வளவுதான். வெள்ளைப் பனியன், 85, 90 என்று சென்டிமீட்டரில் சைஸ், டஜன் கணக்கில் பெட்டி, காதர்பேட்டைச் சந்தை வழியாக நாடெங்கும் வியாபாரம்.

இன்றைய பெரிய ஏற்றுமதித் தொழிற்சாலைக்குள் போனால் துணியை விரிப்பதும் மெஷின், வெட்டுவதும் மெஷின். எந்தத் துண்டை எப்படி அடுக்கினால் துணி வீணாகாது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு தையல் மெஷினுக்கும் தனி சர்வோ மோட்டார். சில இடங்களில் வெட்டிய பாகங்கள் தலைக்கு மேல் ஹேங்கரில் தொங்கியபடி டெய்லரிடம் தாமாகவே வந்து சேர்கின்றன. இந்த மணி நேரத்தில் எந்த லைன் எத்தனை பீஸ் முடித்தது என்பதைத் திரை காட்டுகிறது. ஊரின் ஏற்றுமதி 1985இல் சுமார் 15 கோடி ரூபாய். 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் நடந்ததைத் "தொழில்முனைவோரின் தொலைநோக்கு" என்று மேடையில் சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. திருப்பூர் முதலாளி கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் புதுசு என்பதற்காக அவர் எதையும் வாங்கியதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் அவரை நெருக்கிய ஒருவர் இருந்தார். பெரும்பாலும் அந்த ஒருவர் முதலாளியே இல்லை.

முதலில் நெருக்கியது தொழிலாளி. 1984இல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அந்தப் போராட்டத்தில் தொழிலாளி கேட்டது ஒன்று, முதலாளி கற்றது இன்னொன்று. இத்தனை பேரை ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்வது ஆபத்து என்று அவர் கற்றுக்கொண்டார். பின்னுவது ஒரு இடம், சலவை ஒரு இடம், சாயம் ஒரு இடம், தைப்பது, காஜா பட்டன், பிரிண்டிங் எல்லாம் வேறு வேறு இடம் என்று வேலை ஏற்கெனவே பிரியத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு வேகமாகச் சிதறியது. சட்டமும் இதற்குத் தோதாக இருந்தது. பின்னலாடை சிறுதொழிலுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரே கம்பெனியைப் பெரிதாக்குவதைவிட நாலு பெயரில் நாலு கம்பெனி நடத்துவது லாபம். புது மெஷின் எதுவும் வராமலே நடந்த நிர்வாகப் புரட்சி இது. நிர்வாகப் படிப்பில் இதற்கு அழகான பெயர்கள் உண்டு. ஊரில் ஜாப் ஒர்க் என்றார்கள், கான்ட்ராக்ட் என்றார்கள், வேலை நடந்தது.

இந்தச் சிதறலில்தான் ஏணி ஒன்று முளைத்தது. காட்டில் மழை பொய்த்த ஒரு கவுண்டர் வீட்டுப் பையன் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்வான். டெய்லராவான். கட்டிங் மாஸ்டர் ஆவான். அப்புறம் கான்ட்ராக்ட் எடுப்பான். மாமன் மச்சானிடம் கைமாற்று வாங்கி, வீட்டு நகையை அடகு வைத்து, நாலு பழைய மெஷின் போட்டால் அவனும் முதலாளி. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இந்த வரலாற்றை எழுதி 2004இல் ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். மேலே வந்தவர்கள் எல்லாரும் தங்கள் மூலதனம் உழைப்பே என்று சொல்வதை அதில் அவர் விரிவாகப் பதிவு செய்கிறார். உழைப்பு உண்மைதான். சாதியும் சொந்தமும் கொடுத்த வட்டியில்லாத கடனும் அதே அளவுக்கு உண்மை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் பரவியதும் அதே வழியில்தான். ஒரு கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்த்த மெக்கானிக் சாயங்காலம் டீக்கடையில் சொன்னது, மறுநாள் பத்து கம்பெனிக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து நெருக்கியவர் பையர், அதாவது வாங்க வந்த வெளிநாட்டு வியாபாரி. 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி பம்பாய் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி வந்தார் என்பதிலிருந்துதான் ஏற்றுமதிக் கதையை ஊரில் தொடங்குவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சங்கிலிக் கடைகள் வந்தன. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கியது.

உள்ளூர் வாடிக்கையாளர் பனியன் துவைத்ததும் சுருங்கும் என்பதை வாழ்க்கையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டவர். ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக்கொள்வார். வெள்ளைக்காரர் ஏற்கவில்லை. சுருக்கம் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றார். அதனால் காம்பாக்டிங் மெஷின் வந்தது. துணியின் எடை ஒரே சீராக இருக்க வேண்டும் என்றார். வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை போடும் ஜிஎஸ்எம் கட்டர் எல்லா மேசைக்கும் வந்தது. கையால் தடவிப் பார்த்தே துணியின் எடையைச் சொன்ன பெரியவர்கள் அத்துடன் வேலையிழந்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர்கள் சொல்லுக்கு இருந்த மதிப்பு தராசுக்குப் போய்விட்டது. 1991க்குப் பிறகு இறக்குமதி எளிதானது. 1999இல் மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வட்டிச் சலுகை கொடுத்தது. ஜெர்மனியிலிருந்தும் தைவானிலிருந்தும் வட்டப் பின்னல் மெஷின்களும் ஜப்பானிலிருந்து தையல் மெஷின்களும் வந்து இறங்கின.

பையர் துணியோடு நிற்கவில்லை. கழிப்பறை எங்கே, தீ பிடித்தால் எந்த வழியாக ஓடுவது, இந்தப் பையனுக்கு என்ன வயது என்று கேட்டார். கைமடிப் பிள்ளைகள் ஏற்றுமதிக் கம்பெனிகளிலிருந்து மறைந்ததில் தொழிலாளர் துறையைவிடப் பையரின் ஆடிட்டுக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. ஆடிட் வரும் நாளுக்கென்று தனி ஒழுங்கு, தனி ரெஜிஸ்டர் வைத்த கம்பெனிகளும் உண்டு. பொய்க் கணக்கு எழுதுவதற்குக்கூட முதலில் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எண்பதுகளில் அதுவும் இல்லை.

மூன்றாவது நெருக்கடிதான் பெரியது. அதைச் செய்தவர்கள் திருப்பூர்க்காரர்களே இல்லை. நொய்யல் ஆற்றில் கீழே இருந்த விவசாயிகள்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். தண்ணீரில் கரைந்த சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது அதுதான். கருப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராமுக்கு மேலும் போடுவார்கள். பழைய வின்ச் தொட்டியில் ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆக, ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் உப்பு. சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு எதுவும் துணியோடு போகாது. அத்தனையும் நொய்யலுக்கு. நிறத்தை நீக்கிச் சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்தாலும் உப்பு தண்ணீரிலேயே இருக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கும், பயிருக்குப் பாய்ச்சினால் மண் கெட்டுவிடும்.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டிய அணை 1992இல் முடிந்தது. ஏறத்தாழ 20,000 ஏக்கர் பாசனத்துக்கென்று கட்டியது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவின் தேக்கமாகிவிட, தண்ணீர் திறக்கச் சொல்லிப் போராட வேண்டிய விவசாயிகள் திறக்காதே என்று போராடினார்கள். அணைக்கட்டு வரலாற்றில் இப்படியொரு கோரிக்கை அதிகம் கேட்டிருக்க முடியாது. கிணறுகள் உப்பாயின. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவல் அந்தக் காலத்துத் திருப்பூரில் பிறந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது என்று கெடு வைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கெடுக்கள் நீண்டன. பட்டறைகள் வழக்கம்போல் ஓடின. ஊர் அதை நம்பிவிட்டது: இவ்வளவு அந்நியச் செலாவணி தரும் தொழிலை யார் மூடுவார்கள்? 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் மூடச் சொல்லிவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் நின்றன. துணியை லாரியில் ஏற்றி வேறு ஊர்களுக்குச் சாயமேற்ற அனுப்பினார்கள். வாடகைக்குக் குடியிருந்த வெளியூர்த் தொழிலாளர்கள் வேலையின்றி ஊர் திரும்பினார்கள்.

அதுவரை முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட தொழில்நுட்பம் அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் நடந்துகாட்டியது. கழிவுநீரை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்து, சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் உவர்நீரை ஆவியாக்கிகளில் சுண்டக் காய்ச்சி உப்பை எடுப்பது. நுட்பம் எல்லாம் முன்பே தெரிந்தது. தெரியாதது, செலவு யார் தலையில் என்பது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உவர்நீரையே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பலாம் என்று செய்துகாட்டினார்கள். அதற்காகவே சமையல் உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டுக்கு மாறினார்கள், அதை மீட்டெடுப்பது சுலபம் என்பதால்.

கழிவைச் சுத்தம் செய்ய லிட்டர் கணக்கில் காசு கொடுக்க வேண்டி வந்ததும் இன்னொன்றும் நடந்தது. வின்ச் தொட்டிகள் போய், கிலோவுக்கு 6, 8 லிட்டரில் வேலையை முடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் வந்தன. தண்ணீர் குறைந்தால் உப்பும் குறையும்; ஒரு கிலோ கேட்ட இடத்தில் அரைக் கிலோ போதும். இந்த மெஷின் கோர்ட் தீர்ப்புக்கு முன்பும் சந்தையில் இருந்ததுதான். தண்ணீரை இலவசமாகக் கொட்டலாம் என்றிருந்தவரை அதை எல்லாரும் வாங்க வேண்டிய அவசியம் வரவில்லை. விளிம்பில் நின்ற சிறு பட்டறைக்காரர்கள் பலர் இந்தச் செலவைத் தாங்காமல் விழுந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவிலும் சேராத கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடங்கில் இருக்கிறது. எதிர்த்து வழக்காடிய அதே ஏற்பாட்டை இன்று வெளிநாட்டுப் பையரிடம் முதல் பெருமையாகக் காட்டுகிறார்கள். காட்டட்டும், காட்டத்தக்கதுதான். ஒரத்துப்பாளையத்தானுக்கும் அதில் ஒரு நன்றி பாக்கி.

வரியின் கதை சின்னது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, சனிக்கிழமை ரொக்கமாகப் பட்டுவாடா செய்த ஊர், ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்குப் பிறகு பில் போடக் கற்றுக்கொண்டது. பின்னித் தரும் சின்ன நிட்டிங் யூனிட்டிலும் கம்ப்யூட்டர் வந்தது. பில் ஒழுங்கானாலும் பணம் ஒழுங்காகவில்லை. ஜாப் ஒர்க் செய்தவர் மாதக்கணக்கில் காத்திருப்பது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். சிறு நிறுவனத்துக்கு 45 நாளில் பணம் தராவிட்டால் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் வந்தது. பாக்கி வசூலிக்க வரி அதிகாரியின் பெயரைச் சொல்ல வேண்டியிருப்பது ஒரு முன்னேற்றம்தான்.

ஏணி என்ன ஆயிற்று? குறுகிவிட்டது. அன்று நாலு பழைய மெஷின் போதும். இன்று ஏற்றுமதி ஆர்டர் வேண்டுமென்றால் சான்றிதழ், ஆடிட், துணி எந்தப் பண்ணைப் பருத்தியிலிருந்து வந்தது என்ற தடம் வரைக்கும் காட்ட வேண்டும். அதற்குக் கோடிகள் வேண்டும். லைனில் உட்கார்ந்திருப்பவரும் மாறிவிட்டார். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் டெய்லருக்குக் கைமாற்று கொடுக்க இந்த ஊரில் மாமன் மச்சான் இல்லை. அவர் முழு டி-சர்ட்டும் தைப்பதில்லை. தோள் மட்டும், அல்லது கழுத்து மட்டும். ஒரு உடுப்பு எப்படி உருவாகிறது என்பது அன்று மாஸ்டரின் கையில் இருந்தது. இன்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. திறமை கூடியிருக்கிறது, கற்றுக்கொண்டு வெளியேறும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

புது நெருக்கடி 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து வந்தது: இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி. அந்தச் சந்தையை நம்பியிருந்தவர்கள் வேறு சந்தை தேடவும், உலகம் அதிகம் உடுத்தும் பாலியஸ்டர் பக்கம் திரும்பவும் வேண்டும் என்ற பேச்சு அத்தோடு சூடு பிடித்தது. பாலியஸ்டருக்கு உப்பு வேண்டாம். 130 டிகிரி சூட்டில் அழுத்தம் தாங்கும் மூடிய கலன் வேண்டும். பருத்திக்கே பழகிய ஊருக்கு அது வேறு படிப்பு. படித்துவிடுவார்கள்.

இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒரு மேசை உண்டு. தைத்து முடித்த உடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பெண்கள் சின்னக் கத்தரியால் வெட்டுகிறார்கள். பிசிர் வெட்டுதல் என்பார்கள். பல இடங்களில் பீஸ் ரேட். வீட்டுக்கு மூட்டையாக வாங்கிப்போய் வெட்டுபவர்களும் உண்டு. தைத்ததும் தானே நூலை நறுக்கும் மெஷினும் பிசிரை உறிஞ்சியெடுக்கும் மெஷினும் சந்தையில் கிடைக்கின்றன, பெரிய கம்பெனிகளில் ஓடவும் செய்கின்றன. மற்றவர்கள் வாங்கவில்லை. பையருக்கு நூல் நீட்டாமல் இருந்தால் போதும், யார் வெட்டினார் என்று கேட்பதில்லை. இந்த மேசைக்கென்று ஒரு வேலைநிறுத்தமோ வழக்கோ வந்ததில்லை. கூலி கூடினால் மெஷின் வரும்.